1500டி-க்கு எந்த எடிட்டிங் மென்பொருள்? மாத வாடகை வேண்டாம்

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். கேனன் 1500டி வைத்திருக்கிறேன். கூடவே வந்த 18-55 லென்ஸ், அப்புறம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 55-250 லென்ஸ். வார நாளில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கேமரா. திருவிழா, தெரு, மழை பெய்தால் கண்மாய்ப் பக்கம் பறவை. ஒரு பைசா சம்பாதிப்பதில்லை, சம்பாதிக்கும் எண்ணமும் இல்லை.

இதுவரை ஜேபெக்கில் எடுத்து, போனுக்கு மாற்றி, ஸ்னாப்சீட் ஆப்பில் தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். போன சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை ராத்திரியை ரா-வில் (சென்சார் பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைக்கும் ஃபைல்) எடுத்தேன். ஒவ்வொரு ஃபைலும் இருபத்தைந்து, முப்பது எம்பி. லேப்டாப்பில் திறந்து பார்த்தால் சப்பென்று இருக்கிறது; கேமரா திரையில் பார்த்த நிறம் இல்லை.

லேப்டாப் ஐ5, 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, விண்டோஸ். பொழுதுபோக்குக்கு மாதாமாதம் பணம் கட்ட மனம் வரவில்லை. ஒரே தடவை கொடுத்து வாங்குவது, இல்லையென்றால் இலவசம். எது நல்லது?

கொக்குப்பார்வை:
முதலில் கேமரா கம்பெனி கொடுப்பதையே போட்டுப் பாருங்கள். கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், சுருக்கமாக டிபிபி. கேனன் தளத்தில் இலவசம். கேமராவின் சீரியல் நம்பர் கேட்கும், அடிப்பக்கம் ஸ்டிக்கரில் இருக்கும்.

உங்கள் 'சப்பென்று இருக்கிறது' புகாருக்கு அது நேரடி மருந்து. கேமராவில் வைத்திருந்த பிக்சர் ஸ்டைலை, அதாவது நிற அமைப்பை, டிபிபி அப்படியே படித்துக்கொள்ளும், அதனால் ரா திறந்ததுமே கேமரா ஜேபெக் மாதிரி தெரியும். மற்ற மென்பொருள் பெரும்பாலும் தன் கணக்குக்கு ஒரு நிறம் கொடுக்கும். உங்கள் இரண்டு லென்ஸுக்கும் ஓரக் கறுப்பு, வளைவு எல்லாம் அதிலேயே திருத்தலாம்.

குறை என்னவென்றால் ஆமை வேகம். வானத்தை மட்டும், முகத்தை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் கை கட்டிப்போட்ட மாதிரி. கூந்தன்குளத்தில் எடுத்த படங்களை ஆரம்பத்தில் அதில்தான் தேற்றினேன்.

நிக்கான்காரர்களுக்கு இதே வகையில் என்எக்ஸ் ஸ்டுடியோ, 2021-இல் வந்தது. சொன்னால் சொல்ல வேண்டும், கேனனுடையதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆல்பம் மணி:
தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், அடோபி கம்பெனிக்கு மாத வாடகை கட்டினாலும் பரவாயில்லை. லைட்ரூம். இருபது வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இலவசம் எல்லாம் ஆசைக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டாயிற்று. ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படம். ஒன்றைச் சரி செய்து, அதே செட்டிங்கை மண்டபம் முழுக்கப் பரப்பி, கழித்து, ஆல்பத்துக்கு அனுப்பும் வேகம் வேறு எதிலும் இல்லை. 2023 ஏப்ரலில் வந்த டினாய்ஸ் (இரைச்சலை, அதாவது படத்தில் விழும் புள்ளிகளை நீக்குவது) ஒன்றுக்கே காசு கொடுக்கலாம். முகம், வானம், உடை என்று தானே பிரித்து, அந்த இடத்தை மட்டும் மாற்றுகிற மாதிரி மாஸ்க் போட்டுத் தருகிறது. கூடவே போட்டோஷாப்பும் வருகிறது. ஆல்பம் டிசைன் பிஎஸ்டி (போட்டோஷாப் ஃபைல்) எல்லாம் அதில்தான் ஓடும்.

கோமதி எழும்பூர்:
மணி அண்ணா, உங்களுக்கு அது தொழில். மாத வாடகை செலவுக் கணக்கில் போய்விடும். கேட்டவர் மழைக்காலத்தில் இரண்டு மாதம் கேமராவையே தொடமாட்டார், அப்போதும் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, முன்பு சொல்லிக்கொண்டிருந்த அடோபியின் 20 ஜிபி மலிவுத் திட்டம் 2025 ஜனவரியிலிருந்து புதிதாகச் சேருபவர்களுக்குக் கிடையாது. போட்டோஷாப்பும் சேர்ந்து வேண்டுமென்றால் 1 டிபி திட்டம்தான், அமெரிக்க விலை மாதம் 19.99 டாலர். 'மாதத் தவணை' என்று பெரிய எழுத்தில் இருக்கும். பின்னால் இருப்பது ஓர் ஆண்டு ஒப்பந்தம். நடுவில் விலகினால் மிச்ச மாதங்களின் தொகையில் பாதியை அபராதமாகக் கேட்பார்கள். இதைச் சரியாகச் சொல்லாமல் மறைத்தார்கள் என்று 2024 ஜூனில் அமெரிக்க வர்த்தக ஆணையம் பரிந்துரைத்து, நீதித்துறை வழக்குப் போட்டது. சேருபவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

பழைய ஆறு:
நான் இன்னும் லைட்ரூம் 6 தான். 2015-இல் வந்தது, ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் கடைசிப் பதிப்பு. 2017 டிசம்பரோடு அப்டேட் நின்றது. 2018 கடைசியில் மேப் வேலை செய்யாமல் போனது. புது கேமரா ரா-வை அதற்குத் தெரியாது. ஆனால் அடோபியின் டிஎன்ஜி கன்வெர்ட்டர் இலவசம். புது கேமரா ஃபைலை அதில் போட்டு டிஎன்ஜி என்ற பொது ரா வடிவமாக மாற்றிக் கொடுத்தால் பழைய லைட்ரூம் வாயைத் திறந்து சாப்பிடும். வாங்கிய பொருள் என்றால் இப்படி இருக்க வேண்டும். இப்போது புதிதாக இதை வாங்க முடியாது என்பதால் கேட்டவருக்குப் பயனில்லை, வயிற்றெரிச்சலுக்காக எழுதினேன்.

விலையில்லா வினோத்:
இவ்வளவு யோசனை எதற்கு? கிராக் வெர்ஷன் போட்டால் வேலை முடிந்தது. எல்லோரும் அதைத்தானே ஓட்டுகிறார்கள். லிங்க் வேண்டுமா?

மட்டுறுத்துநர்:
லிங்க் நீக்கப்பட்டது. இங்கே அந்தப் பேச்சு வேண்டாம்.

ஆல்பம் மணி:
வினோத், எங்கள் தெருவிலேயே ஒரு ஸ்டுடியோவில் அப்படிப் போட்டார்கள். கிராக்கோடு வந்த வைரஸ் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த கல்யாணப் படம் அத்தனையையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பொண்ணு வீட்டுக்காரர்கள் கடை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பணம் கட்டினாலும் படம் திரும்பி வரும் என்று யார் உத்தரவாதம்?

கோமதி எழும்பூர்:
சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் ஓட்டு, ரா படங்களைத் திருத்தும் டார்க்டேபிளுக்கு. 2009-இல் லினக்ஸில் தொடங்கியது, 2017 கடைசியிலிருந்து விண்டோஸிலும் உண்டு. முழு இலவசம், விளம்பரம் இல்லை, அக்கவுண்ட் கேட்காது. வருஷத்துக்கு இரண்டு புதுப் பதிப்பு, ஜூன் வாக்கில் ஒன்று, டிசம்பரில் ஒன்று.

வைகைக்கரை, எதிர்சேவை ராத்திரி என்றீர்கள். அதை வைத்தே சொல்கிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் நின்று எடுத்திருக்கிறேன். துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுபவர், தலையில் உருமால், பின்னால் பந்தல் முழுக்க நீல சீரியல் செட். அந்த நீல எல்இடிதான் வில்லன். சாதா பல்பு மாதிரி இல்லாமல் ஒரே நிறத்தைக் கொட்டும். சென்சாரில் நீலச் சானல் நிரம்பி வழியும், சிவப்பும் பச்சையும் காலியாக இருக்கும். அந்த நீலம் நம் திரை காட்டக்கூடிய எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைக்குள் அடங்காது. அதனால் தண்ணீர்த் துளிகள் எல்லாம் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே ஊதாத் திட்டாக அப்பிக்கொள்ளும், தோளின் ஓரத்தில் கத்தரித்து ஒட்டின மாதிரி ஒரு கோடு விழும். ஜேபெக்கில் எடுத்தால் அதோடு கதை முடிந்தது.

டார்க்டேபிளில் முதலில் எக்ஸ்போஷரை முகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், விளக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பிறகு கலர் கேலிப்ரேஷன் மாட்யூலில் (மாட்யூல் என்றால் ஒரு வேலைக்கான கருவிப் பெட்டி) கேமட் கம்ப்ரஷன் என்று, எல்லை தாண்டிய நிறத்தை உள்ளே அமுக்கும் ஒரு ஸ்லைடர் இருக்கிறது. அதை மெல்ல ஏற்றினால் அந்த ஊதாத் திட்டு உடைந்து துளி துளியாகப் பிரியும். அடுத்து கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி-யில் நீல நிறத்தை மட்டும் பிடிக்கிற மாதிரி பாராமெட்ரிக் மாஸ்க் போட்டு, செறிவைக் கொஞ்சம் குறையுங்கள். மாஸ்க்கைக் கையால் வரைய வேண்டாம், 'இந்த நிறம் எங்கே இருந்தாலும்' என்று சொன்னால் போதும். கடைசியாக டினாய்ஸ் புரொஃபைல்டு. உங்கள் கேமராவுக்கு எந்த ஐஎஸ்ஓ-வில் எவ்வளவு இரைச்சல் என்று அளந்து வைத்திருப்பதால் தானாகப் பொருத்திக்கொள்ளும்.

புதிதாக வருபவர்கள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். ஒயிட் பேலன்ஸ் மாட்யூலைத் தொடாதீர்கள், நிறத்தைக் கலர் கேலிப்ரேஷனிலேயே பாருங்கள். இரண்டிலும் கை வைத்தால் சிவப்பில் எச்சரிக்கை வரும். டோன் மேப்பிங்குக்கு, அதாவது வெளிச்ச வித்தியாசத்தைத் திரைக்குள் அடக்க, ஃபில்மிக், சிக்மாய்டு போன்றவை இருக்கும். சிக்மாய்டை வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்மிக்கில் விளையாட ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

கொக்குப்பார்வை:
கோமதி சொன்னது எல்லாம் உண்மைதான். ஆனால் 'மெல்ல ஏற்றினால் உடைந்து பிரியும்' என்று அவர் எழுதிய இடத்துக்கு வந்து சேருவதற்குள் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். டார்க்டேபிளில் ஒரே வேலைக்கு நாலு மாட்யூல். எது பழசு, எது புதுசு என்று யூடியூபில் தேடினால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள், காரணம் அவர்கள் காட்டும் பதிப்பு வேறு. திரையைப் பார்த்தால் விமானம் ஓட்டச் சொன்ன மாதிரி இருக்கிறது.

அதற்கு ரா தெரபி எவ்வளவோ தேவலை. அதுவும் இலவசம், 2010-இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. ரா ஃபைலுக்குள்ளேயே கேமரா ஒரு சின்ன ஜேபெக்கை ஒளித்து வைத்திருக்கும். ரா தெரபி அதைப் பார்த்து, அதே வெளிச்சம் வருகிற மாதிரி ஒரு கர்வைத் தானே வரைந்துகொள்ளும். ஆட்டோ மேட்ச்டு கர்வ் என்று பெயர். திறந்ததும் சப்பென்று இருக்காது. படத்தைக் கூர்மையாக்கும் கேப்சர் ஷார்ப்பனிங் என்று இன்னொன்று. நீர்க்காகம் இறகை உலர்த்தும் படத்தில் அதை ஆன் செய்து, ஆஃப் செய்து பாருங்கள், இறகின் நடுநரம்பு எழுந்து நிற்கும். 55-250 மாதிரி விலை குறைந்த லென்ஸுக்கு இது பெரிய உதவி.

கோமதி எழும்பூர்:
ரா தெரபியில் பிரஷ் கிடையாதே சார். 5.9 பதிப்பில் படத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் லோக்கல் அட்ஜஸ்ட்மென்ட் கொண்டுவந்தார்கள், வட்டம் போட்டு வேலை செய்ய வேண்டும். அதைப் புரிந்துகொள்வதற்கு டார்க்டேபிளே சுலபம். அப்புறம், 'சப்பென்று இருக்கிறது' என்பதற்கு டார்க்டேபிளும் 5.0-இல், அதாவது 2024 டிசம்பரில், ஐந்நூறுக்கும் மேலான கேமராக்களுக்கு ஸ்டைல் சேர்த்துவிட்டது. உங்கள் கேமரா பெயரில் இருப்பதைத் தட்டினால் கேமரா ஜேபெக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். பழைய வீடியோக்களில் இது இருக்காது.

யாழ் நிலவன்:
யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். வாடகையைப் பற்றி இன்னொரு பக்கம் இருக்கிறது. எங்களுக்கு அது டொலரில்தான் வெட்டுப்படும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே இருந்த டொலர், மே மாதமளவில் 350-ஐத் தாண்டியது. மென்பொருள் அதே மென்பொருள், கமரா அதே கமரா, மாதக் கட்டணம் மட்டும் எங்கள் காசில் முக்கால் மடங்கு கூடிவிட்டது. அந்த நேரத்தில் கனக்கப் பேர் நிறுத்தினார்கள், நானும் நிறுத்தினேன்.

நிறுத்தினால் என்ன நடக்கும் என்று பலருக்குத் தெரியாது. லைட்ரூம் கிளாசிக் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், ஏற்கெனவே செய்த திருத்தத்தோடு எக்ஸ்போர்ட் செய்யலாம். ஆனால் திருத்தம் செய்யும் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். நுணுக்கமான திருத்தம் எதுவும் அங்கே முடியாது. ஆகவே நிறுத்துவதற்கு முன்னம் எல்லாப் படத்துக்கும் எக்ஸ்எம்பி (செய்த திருத்தங்களைக் குறித்து வைக்கும் சின்ன ஃபைல்) எழுதி வைத்துவிட வேண்டும். அந்த எக்ஸ்எம்பியை டார்க்டேபிள் ஓரளவு படிக்கும். நட்சத்திரம், குறிச்சொல், வெட்டின அளவு, எக்ஸ்போஷர் மாதிரி அடிப்படை விஷயங்கள் வந்து சேரும். மாஸ்க் போட்டுச் செய்த நுணுக்கமான வேலை வராது. அதை முதலிலேயே முடித்த படமாக, டிஃப் ஃபைலாக எடுத்து வைத்துக்கொள்வதுதான் வழி.

நான் இப்போது டார்க்டேபிள்தான். லப்டொப் பழசு, கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

தட்டச்சு தாசன்:
யாரும் போட்டோஷாப் மாதிரியான அஃபினிட்டி பற்றிப் பேசவில்லையே? இப்போது முழுக்க இலவசம்.

ஆல்பம் மணி:
அஃபினிட்டியா? காசு கொடுத்து வாங்குவதுதானே அது?

தட்டச்சு தாசன்:
முன்பு அப்படித்தான். இங்கிலாந்தில் செரிஃப் என்ற கம்பெனி அஃபினிட்டி போட்டோவை 2015-இல் கொண்டுவந்தது, ஒரே தடவை பணம். 2024 மார்ச்சில் கேன்வா அந்தக் கம்பெனியை வாங்கியது. 2025 அக்டோபர் கடைசியில் போட்டோ, டிசைனர், பப்ளிஷர் என்ற மூன்று மென்பொருளையும் ஒன்றாகச் சேர்த்து இலவசமாக விட்டுவிட்டார்கள். கேன்வா அக்கவுண்ட் மட்டும் வேண்டும். ஏஐ சமாச்சாரங்களுக்குத்தான் காசு. லேயர், மாஸ்க், ரா எல்லாம் உண்டு, பிஎஸ்டி ஃபைலும் திறக்கும்.

பழைய ஆறு:
இலவசம் என்றதும் எனக்கு நிக் கலெக்‌ஷன் ஞாபகம் வருகிறது. படத்துக்கு ஃபில்டர் போடும் மென்பொருள், பல நூறு டாலருக்கு விற்றுக்கொண்டிருந்த பொருள். 2012-இல் கூகிள் அந்தக் கம்பெனியை வாங்கியது, ஸ்னாப்சீடும் அவர்கள் செய்ததுதான். 2016 மார்ச்சில் நிக்கை இலவசமாக அறிவித்தார்கள், ஊரே கொண்டாடியது. அடுத்த வருஷமே டிஎக்ஸ்ஓ என்ற கம்பெனிக்கு விற்றார்கள், மறுபடியும் காசு. அதே மாதிரி கேப்சர் ஒன் எக்ஸ்பிரஸ் என்ற ரா மென்பொருள், சில கேமராக்காரர்களுக்கு இலவசமாக இருந்தது, 2024 ஜனவரியில் மூடிவிட்டார்கள்.

அஃபினிட்டியைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல மென்பொருள்தான். ஆனால் ஒரு கம்பெனி தருகிற இலவசம் அந்தக் கம்பெனியின் விருப்பம். டார்க்டேபிள், ரா தெரபி, போட்டோஷாப் மாதிரியான ஜிம்ப் எல்லாம் மூல நிரலே பொதுவில் கிடக்கிறது. இன்று செய்பவர்கள் விட்டுவிட்டுப் போனாலும் வேறு யாராவது எடுத்து ஓட்டலாம். அலுத்துப்போய்ப் பிரிந்தவர்களும் உண்டு. ரா தெரபியிலிருந்து ஏஆர்டி என்று ஒன்று பிரிந்து வந்திருக்கிறது, இன்னும் எளிமை. டார்க்டேபிளிலிருந்து ஆன்செல்.

கோமதி எழும்பூர்:
அஃபினிட்டியில் படங்களை அடுக்கிப் பார்த்து, நட்சத்திரம் கொடுத்துக் கழிக்கிற லைப்ரரி கிடையாது. ஒவ்வொன்றாகத் திறந்து வேலை செய்ய வேண்டும். ஒரு திருவிழாவுக்குப் போய் நானூறு படத்தோடு வருபவருக்கு அது சரிப்படாது. கடைசியில் ஒரு மின்கம்பியை அழிக்க, இரண்டு படத்தைச் சேர்க்க வைத்துக்கொள்ளலாம். அந்த வேலைக்கு ஜிம்ப்பும் இருக்கிறது. 2025 மார்ச்சில் 3.0 வந்த பிறகு ஃபில்டர்களைப் பின்னால் திரும்பி மாற்ற முடிகிறது. ஜிம்ப் ரா-வை நேராகத் திறக்காது, டார்க்டேபிளிடமோ ரா தெரபியிடமோ தள்ளிவிடும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்கார்பரோ தர்ஷி:
காசு கொடுத்து ஒரேயடியாக வாங்குவதில் டிஎக்ஸ்ஓ போட்டோலேப் மிச்சம் இருக்கிறது. நான் அதுதான். விலை 200 டொலருக்கு மேலே, நவம்பர் தள்ளுபடிக்குக் காத்திருந்துதான் வாங்கினேன். எந்தக் கமராவில் எந்த லென்ஸ் என்று தங்கள் லாபில் அளந்து வைத்திருக்கிறார்கள், படத்தைத் திறந்ததும் ஓரம் கூர்மையாகிவிடும். டீப்பிரைம் என்று ஒரு டினாய்ஸ். விடியற்காலையில் 6400 ஐஎஸ்ஓ-வில் எடுத்த ஆந்தையை அது காப்பாற்றியதை என் கண்ணாலே பார்த்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் இலவச மென்பொருள் எதுவும் பக்கத்தில் நிற்காது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் வைகைக்கரை அண்ணாவின் லப்டொப்பில் தனி கிராஃபிக்ஸ் இல்லை. ஒரு படத்தை எக்ஸ்போர்ட் செய்யச் சில நிமிடம் பிடிக்கும். அதோடு, வாங்கிய பதிப்பு வாங்கியபடியே நிற்கும். கமரா மாற்றினால் அப்கிரேடுக்குத் திரும்பவும் காசு. சோதனைப் பதிப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒரே கிளிக்:
ஜேபெக்கில் ஒழுங்காக எடுத்தால் இந்தக் கூத்தே வேண்டாம். கேமராவிலேயே சரியாக வைக்கத் தெரியாதவர்கள்தான் மென்பொருளைத் தேடுகிறார்கள்.

கோமதி எழும்பூர்:
பகலில் சரி. நீல சீரியல் செட்டுக்கு முன்னால் ஜேபெக்கில் எடுத்துவிட்டு வந்து பேசுங்கள்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. சொன்னதையெல்லாம் இறக்கிப் போட்டு, ஒரே படத்தை வைத்துப் பார்த்தேன். கோமதி அக்கா சொன்ன மாதிரியே ஒரு படம், துருத்திக்காரர், பின்னால் நீலப் பந்தல்.

டிபிபியில் முகமும் நிறமும் உடனே அழகாக வந்தது. நீலம் மட்டும் அப்பியபடியே இருக்கிறது, எதைச் செய்தாலும் அசையவில்லை. டார்க்டேபிளில் அக்கா சொன்ன வரிசையில் போனேன். கேமட் கம்ப்ரஷனை ஏற்றும்போது துளிகள் பிரிந்து வந்தது பார்க்கவே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஸ்லைடரை நகர்த்தினாலும் படம் யோசித்துவிட்டுத்தான் மாறுகிறது. டிஃபியூஸ் ஆர் ஷார்ப்பன் என்பதைத் தெரியாமல் ஆன் செய்தேன், ஃபேன் சத்தத்தில் வீட்டில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

ரா தெரபி என் கைக்கு எளிதாக இருக்கிறது. பறவைப் படத்துக்கு அந்த ஷார்ப்பனிங் அருமை. நீலப் பந்தலை அதில் டார்க்டேபிள் அளவுக்குக் கொண்டுவர எனக்கு வரவில்லை.

கோமதி எழும்பூர்:
அந்த டிஃபியூஸ் மாட்யூல் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு உள்ளவர்களுக்கு. உங்கள் லேப்டாப்பில் தொடாதீர்கள், டினாய்ஸையும் கடைசியில் ஆன் செய்யுங்கள். மற்ற வேலை நடக்கும்போது அது பின்னால் ஓடிக்கொண்டிருந்தால்தான் இழுக்கும். திருவிழா இரவுக்கு மட்டும் டார்க்டேபிள், மற்றதற்கு ரா தெரபி என்று வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை. இரண்டும் உங்கள் சிஆர்2 ஃபைலுக்குள், அதாவது கேனன் ரா-வுக்குள், கை வைக்காது. டார்க்டேபிள் பக்கத்தில் எக்ஸ்எம்பி எழுதும், ரா தெரபி பிபி3 எழுதும். டிபிபிதான் செய்த திருத்தத்தை ரா ஃபைலுக்குள்ளேயே எழுதும், அதனால் அதில் திறப்பதற்கு முன் ஒரு காப்பி இருக்கட்டும்.

ஆல்பம் மணி:
சரி, மென்பொருள் உங்கள் இஷ்டம். பெரியவன் சொல்கிறேன், மிச்சமாகிற காசில் என்ன செய்வது என்று கேளுங்கள். மானிட்டர் வாங்குங்கள்.

வாரத்துக்கு ஒருவராவது பென் டிரைவோடு வந்து, 'அண்ணே, பிரிண்ட் கறுப்பாகப் போட்டுவிட்டீர்கள்' என்று சண்டை பிடிக்கிறார்கள். மெஷினில் தப்பில்லை. லேப்டாப் பிரைட்னஸை முழுசாக வைத்துக்கொண்டு, இருட்டறையில் உட்கார்ந்து எடிட் செய்திருப்பார். திரையில் பளிச்சென்று தெரிந்ததால் வெளிச்சத்தைக் குறைத்திருப்பார். காகிதத்துக்குப் பின்னால் பல்பா எரிகிறது? பிரைட்னஸைப் பாதிக்குக் கீழே இறக்கி, திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அதற்கே பாதிச் சண்டை தீரும்.

விலை குறைந்த லேப்டாப்பில் 45 சதவீதம் என்டிஎஸ்சி (நிற வீச்சை அளக்கும் ஓர் அளவு) என்று ஒரு திரை வரும். அது எஸ்ஆர்ஜிபி-யில் கணிசமான பகுதியைக் காட்டவே காட்டாது. மஞ்சள் பட்டும் ஆரஞ்சுப் பட்டும் அதில் ஒன்றாகத் தெரியும். நீங்கள் செறிவை ஏற்றிக்கொண்டே போவீர்கள், பிரிண்டில் முகமெல்லாம் மஞ்சள் பூசினது போல வரும். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று போட்ட ஐபிஎஸ் மானிட்டர் ஒன்று வாங்கி லேப்டாப்பில் செருகிக்கொள்ளுங்கள். முடிந்தால் திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் ஸ்பைடர் மாதிரி ஒரு கருவியை நண்பர்கள் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள், தினமும் தேவைப்படாது.

லேபுக்குக் கொடுக்கும்போது எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காகவே கொடுங்கள். உங்கள் கேமரா 6000க்கு 4000 பிக்சல்; 18க்கு 12 இஞ்சுக்கு வெட்டாமல் அப்படியே போகும், இஞ்சுக்கு 333 பிக்சல் வருகிறது, தாராளம். பெரிதாக்கிக் கொடுக்கிறேன் என்று எதையும் செய்யாதீர்கள்.

கொக்குப்பார்வை:
மணி அண்ணாச்சி லைட்ரூமை விட்டு இறங்கி வந்ததே பெரிய விஷயம்.

ஆல்பம் மணி:
இறங்கவில்லை. கடைக்கு லைட்ரூம்தான். மகளுக்குக் கேமரா வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அவளுக்கு இந்த ரா தெரபியைப் போட்டுக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். எனக்கே ஒரு சந்தேகம், லென்ஸ் திருத்தம் அதில் உண்டா?

கொக்குப்பார்வை:
உண்டு அண்ணாச்சி. லென்ஸ்ஃபன் என்ற பொதுத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளும், டார்க்டேபிளும் அதைத்தான் படிக்கும். ஆட்டோமேட்டிக் என்று வைத்தால் கேமரா, லென்ஸ் இரண்டையும் தானே கண்டுபிடிக்கும். ரொம்பப் புது லென்ஸ் என்றால் கொஞ்ச காலம் பொறுக்க வேண்டியிருக்கும். மகள் எந்தக் கேமரா? நிக்கானில் இசட்8, இசட்9 மாதிரி வகையில் ஹை எஃபிஷியன்சி என்று ஒரு ரா அமுக்கம் இருக்கிறது, அதை இந்த இலவச மென்பொருள்கள் திறப்பதில்லை. கேமராவில் லாஸ்லெஸ் என்று மாற்றி எடுக்க வேண்டும்.

ஆல்பம் மணி:
பழைய கேனன்தான்பா. இசட்8 வாங்கிக் கொடுக்க நான் என்ன ஜமீனா?

வைகைக்கரை:
முடிவு: ரா தெரபி, கம்பி அழிக்க ஜிம்ப், ராத்திரிப் படத்துக்கு மட்டும் டார்க்டேபிள். ஸ்னாப்சீடும் போனில் இருந்துவிட்டுப் போகட்டும். மானிட்டருக்குக் காசு சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. லேப்டாப்பில் இடமில்லை. முடித்த ஃபோல்டர்களை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினால் செய்த எடிட் எல்லாம் கூடவே போகுமா?

யாழ் நிலவன்:
ரா தெரபியில் பிரெஃபரென்ஸுக்குள் போய், புரொஃபைலை, அதாவது செய்த எடிட்டை, எங்கே சேமிக்கிறது என்று முதலில் பாருங்கள். கேஷில் (மென்பொருளின் உள் சேமிப்பில்) மட்டும் என்று இருந்தால் படத்தோடு போகாது. படத்துக்குப் பக்கத்தில் என்று மாற்றிவிட்டால் பிபி3 ஃபைல் அதே ஃபோல்டரில் இருக்கும், ஃபோல்டரை அப்படியே நகர்த்தினால் போதும்.

டார்க்டேபிளில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் வழியாக நகர்த்தாதீர்கள், படம் பழைய இடத்திலேயே இருப்பதாக அது நினைத்துக்கொண்டிருக்கும். லைட்டேபிளில் (படங்களை அடுக்கிக் காட்டும் பகுதி) படங்களைத் தெரிவு செய்து, அங்கேயே இருக்கிற மூவ் பட்டனால் அனுப்புங்கள். எக்ஸ்எம்பியும் சேர்ந்தே போகும்.

வைகைக்கரை:
பார்த்தேன் அண்ணா, கேஷ் என்றுதான் இருந்தது. மாற்றிவிட்டேன். ஏற்கெனவே செய்தவற்றுக்கு?

யாழ் நிலவன்:
அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஏதாவது ஒரு சின்ன மாற்றம் செய்து மூடுங்கள். மூடும்போது பிபி3 எழுதப்படும். ஃபோல்டரில் ஃபைல் வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு நகர்த்துங்கள்.